எந்தச் சவரிமுத்து?

பெட்டியைத் தூக்க மூன்று பேர்தான் இருந்தோம். செத்துப்போன சவரிமுத்துவின் மகன் ஆண்டனி, பக்கத்து வீட்டு குணசேகர், நான்.

பதினொரு மணிக்குக் கோயிலில் பூசை. ஜீவனஹள்ளியின் அந்தச் சந்துக்குள் வண்டி வராது. மெயின் ரோடு வரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும்.

"ஆறு பேராவது வேணும் அங்கிள். எங்கப்பாவுக்கு ஆளே இல்லயா?" என்றான் ஆண்டனி.

நான் சந்து முனையை எட்டிப் பார்த்தேன்.

தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் மட்டும் நாலு சவரிமுத்து. யூனியன் சவரிமுத்து, பேண்டு சவரிமுத்து, கோல்கீப்பர் சவரிமுத்து என்று மூன்று பேர் பிரபலம். அதில் யூனியனும் பேண்டும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது.

நாலாவது இவர். சுரங்கத்தில் லிப்ட் ஓட்டியவர். தினமும் எங்களைப் பூமிக்குள் இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் பத்திரமாக மேலே ஏற்றியவர். அவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. வெறும் சவரிமுத்து.

நேற்று மாலை ஆண்டனி எங்கள் தங்கவயல்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டதும் அப்படித்தான். சவரிமுத்து காலமானார், நாளை அடக்கம், ஜீவனஹள்ளி.

அரை மணி நேரத்தில் யாரோ அதற்குக் கீழே கோல்கீப்பர் படத்தைப் போட்டுவிட்டார்கள். வரிசையாகக் கும்பிடும் கைகள். ஆண்டனி அழுகையில் போனையே தொடவில்லை. நான் பார்த்தேன். ஒரு வரி போட்டிருந்தால் போதும். போடாமல் போனை அணைத்தேன்.

பத்தரைக்குத் தங்கவயலிலிருந்து இரண்டு வேன் வந்தது. பழைய புட்பால் டீம் ஆட்கள், பெரிய மாலை, ஒரு பந்துகூட. நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

மாலையோடு முதலில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த டீம்காரர் ஞானசேகரன் சட்டென்று பின்வாங்கினார்.

"ஏய், இது அவரு இல்லப்பா. லிப்ட் ஓட்டுவாரே, அவரு."

வாசலில் முணுமுணுப்பு. இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். தலைமாட்டில் இருந்த ஆரோக்கியமேரி நிமிர்ந்து, புருஷனை விட்டு யார் யார் போகிறார்கள் என்று பார்த்தாள்.

அதற்கு மேல் என்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. வெளியே வந்தேன்.

ஞானசேகரன் கையிலிருந்து மாலை நழுவி விழுந்தது. அதன் நாடாவில் என் பேர் இருந்தது, முன்னால் கோல்கீப்பர் என்ற பட்டத்தோடு.

யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். யாரோ அழுதுகொண்டே கட்டிப் பிடித்தார்கள். நான் விடுவித்துக்கொண்டு பெட்டியின் முன்மூலைக்குப் போய்க் குனிந்தேன்.

செருப்பைத் தேடிய இரண்டு பேரும்தான் முதலில் வந்து கை கொடுத்தார்கள்.