மல்லி வேருக்குப் பதில்

அவர் மிக்சியில் போட்டது பதினைந்து மிளகாயா இருபதா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. தன் கண்ணில் நீர் வழிந்ததாக அவர் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மிளகாயால்தான்.

அவர் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் வெந்நீரைத் தவிர எதையும் அடுப்பில் வைத்ததில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் தாய்லாந்துப் பச்சைக் கறி செய்துகொண்டிருந்தார். இரண்டு முறை அடுப்பை ஏற்றினார், இரண்டு முறை அணைத்தார். ஜன்னல் வரை போய்விட்டு எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினார்.

மறுநாள் மனைவி வருகிறாள். ஒற்றை ஆளாக ஊர் சுற்ற அவள் கிளம்பியது இது மூன்றாவது தடவை. முதலில் நாலு நாள், அடுத்து இரண்டு வாரம், இப்போது நாற்பது நாள். முந்தைய இரண்டு முறையும் திரும்பி வந்தவுடன் அங்கே சாப்பிட்டதை வீட்டில் சமைத்தாள். ரெண்டாங், ஃபோ சூப் என்று பெயர் சொல்லி அவர் முன்னால் வைத்தாள். அவர் தலை நிமிராமல் "நல்லாயிருக்கு" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு நகரவில்லை.

இந்த முறை கிளம்பும்போது வாசலில் நின்று, "வந்ததும் உங்ககிட்ட பேசணும்" என்றாள். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் நாற்பது நாளாக அவரை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. அவள் வாயைத் திறப்பதற்கு முன் இந்தக் கறியை அவள் முன்னால் வைத்துவிட வேண்டும். அவரிடம் இருந்த திட்டம் அவ்வளவுதான். இன்று ஒத்திகை.

கடைக்குப் போயிருந்த மச்சினன் பையோடு உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக்.

"சித்தரத்தை கேட்டா கடைக்காரர், 'இருமல் எத்தனை நாளா?'ங்கிறார், மாமா. கறிக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் என் முகத்தையே பார்க்கலை."

"மல்லி வேர்?"

"எங்கேயும் இல்லை. இன்னிக்குன்னு பார்த்து எல்லாக் கடையிலயும் வேரை வெட்டிட்டுத்தான் விக்கிறாங்க. ஒருத்தர், 'வேணும்னா நட்டு வளர்த்துக்கோ'ன்னுட்டார்."

அவள் எப்போதோ அனுப்பிய செய்முறையை அவர் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். 'மல்லி வேர் முக்கியம்' என்று அதில் இருந்தது. அவளையே கேட்டுவிடலாம் என்று ஃபோனை எடுத்தார். செய்முறையை எழுதும் மும்முரத்தில் முந்தின மாலை சார்ஜ் போட மறந்திருந்தார். அது அப்போதிலிருந்தே செத்துக் கிடந்தது.

சார்ஜில் மாட்டி, உயிர் வந்ததும், "மல்லி வேர் கிடைக்கலை. அதுக்குப் பதிலா என்ன?" என்று தட்டி அனுப்பினார். கையைத் துடைப்பதற்குள் அவளுடைய செய்தி வந்து விழுந்தது.

"இனிமே தனியாதான். வேற வழி தெரியலை. உங்களைக் கஷ்டப்படுத்துறேன்னு தெரியும்."

அவர் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி படித்தார். பிறகு எழுந்துபோய் எரியாத அடுப்பை அணைத்தார்.

"உங்கக்கா முடிவு பண்ணிட்டா."

"என்ன முடிவு?"

ஃபோனை நீட்டினார். மச்சினன் உதடசைத்துப் படித்தான். முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு மச்சினன் திரையை மேலே தள்ளிப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று அவருக்கு உடனே புரியவில்லை.

"மாமா, நீங்க அவகிட்ட என்ன கேட்டீங்க?"

"மல்லி வேருக்குப் பதிலா என்னன்னு."

"அதுக்குத்தான் தனியாங்கிறா. கொத்தமல்லி விதை மாமா. ரசத்துக்குப் போடுவோமே, அந்தத் தனியா. ஊரான் எழுதுற பிழையெல்லாம் திருத்துற ஆளு, வீட்டுல படிக்கிற லட்சணம் இதுதானா?"

அவர் ஃபோனைப் பிடுங்கி மூன்றாம் முறை படித்தார். வேர் கிடைக்காவிட்டால் வேறு வழி ஏது. கஷ்டம் என்றது கடை கடையாக அலைவதை. ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் சிரித்தார். மிக்சி மூடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தார்.

"எவ்வளவு போடணும்னு கேளுடா."

மச்சினன் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் ஏதோ அறிவிப்புச் சத்தம்.

"அக்கா, தனியா எவ்வளவு போடணும்? முழுசாவா, வறுத்துப் பொடிச்சா?"

"என்ன தனியா?"

"பச்சைக் கறிக்கு. மாமா சமைக்கிறார், உனக்காக. மிளகாய் பட்டு கண்ணு ரெண்டும் செவந்து நிக்கிறார்."

அவர் ஃபோனருகே குனிந்தார்.

"மல்லி வேருக்கு என்ன பண்றதுன்னு இப்பதானே கேட்டேன். உடனே பதில் போட்டியே, தனியான்னு. நான் ஒரு நிமிஷம் வேற என்னவோன்னு பயந்துட்டேன்."

அறிவிப்பு ஓய்ந்தது. அவள் மூச்சை இழுத்துவிடுவது தெளிவாகக் கேட்டது.

"அது நான் நேத்தே அனுப்பினதுங்க."