சிவப்புச் சக்கரம்

நான்கு நாளாக உறைபனி. எல்லாக் குழாய்களையும் இறுக மூடிய பிறகும் எஸ்தர் டீச்சர் வீட்டுத் தண்ணீர் மீட்டரில், நீர் ஓடினால் மட்டும் சுழலும் சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தனியாக வாழும் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மேல்தான் முதல் சந்தேகம். பிளம்பர் சகாயம் வந்ததும் அவன் மேலும் சந்தேகம் வந்தது. முன்கதவு, பின்கதவு எல்லாவற்றையும் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே மீட்டர் பக்கத்திலேயே நின்றாள்.

சகாயம் குழாய் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்தான். புல் ஓர் இடம் விடாமல் வெள்ளையாக உறைந்திருந்தது.

"அடியில கசிஞ்சா மேல பனி நிக்காது டீச்சர். பைப்பு எங்கயும் வெடிக்கல."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன் இழுக்கிறானா?"

"இந்த லைன் உங்க வீட்டுக்கு மட்டுந்தான் போகுது. உள்ள யாராச்சும் குழாயைத் தொறந்து வச்சிருந்தாத்தான் உண்டு."

"உள்ள யாரு இருக்கா? பூட்டிட்டுத்தானே நிக்கிறேன்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

சக்கரம் நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மறுபடி அசையவில்லை. சகாயம் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு, சாவிக்காகக் கையை நீட்டினான்.

டீச்சர் கொத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.