படகில் இடமில்லை

பூஜை லீவுக்குக் கல்கத்தாவிலிருந்து குடும்பத்தோடு கங்கை வழியே நவத்வீபம் போய்வர வைத்தீஸ்வரன் பார்த்து வைத்திருந்தது ஒரு பெரிய பஜ்ரா. மிதக்கும் வீடு என்றே சொல்லலாம். இரண்டு அறை, சமைக்கத் தனி இடம், மேலே காற்று வாங்க மொட்டை மாடி. கிடர்பூர் படித்துறையில் அது வந்து நின்றால் மற்ற படகுகள் மரியாதையாக ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும்.

அவன் மனைவி ஜெயலக்ஷ்மி அதற்குள் போய்ச் சுற்றிப் பார்த்தாள். வெளியே வந்தாள். நேரே பக்கத்தில் கிடந்த குட்டிப் படகுக்குள் போனாள். அதில் ஒரே அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

"இது போதும்," என்றாள்.

காரணமும் சொன்னாள். பெரிய படகென்றால் துடுப்புப் போட ஒரு பட்டாளமே வரும். குழந்தைகள் எந்த அறையில் எதைக் கவிழ்க்கிறார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னதென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் எட்டி ஒரு அடி வைக்கலாம்.

வைத்தீஸ்வரன் பெரிய படகைத் திரும்பிப் பார்த்தான். "அத்திம்பேர் வரேன்னு சொல்லியிருக்காரே. அவர் எங்கே படுப்பார்?"

"இடமில்லைன்னு சொல்லிடுங்கோ."

அத்திம்பேர் என்றால் அவன் அக்கா சாவித்ரியின் புருஷன் மஹாதேவன். சர்க்கார் ஆபீஸில் பெரிய உத்தியோகம். கல்கத்தாவில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் கல்யாணமோ சீமந்தமோ, அவர் உத்தரவில்லாமல் இலை போடமாட்டார்கள். வெள்ளத்தில் காவேரியைக் குறுக்கே நீந்திய கதையை அவர் சொல்லிக் கேட்காதவர் கிடையாது. ஒவ்வொரு தடவையும் காவேரி கொஞ்சம் அகலமாகும். இந்தப் பயணத்துக்கும், நான் கூட இருக்கும்போது கங்கைக்குப் பயப்பட வேண்டாம் என்று அவரே தலைமை ஏற்றிருந்தார்.

அப்பேர்ப்பட்டவரிடம் வைத்தீஸ்வரன் போனான். கொடுத்த காபியைக் குடித்தான். மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசினான். எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு ஏறக்குறைய ஓடிவந்தான்.

ஊர் பேச ஆரம்பித்தது. குடும்பத்துக்குப் பெரியவரை ஒரு பெண்பிள்ளை கழற்றிவிட்டாள் என்றார்கள். பஜனையில் மஹாதேவன் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு மனஸ்தாபம் ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தெரிவித்தார். அக்கா சாவித்ரிதான் எல்லாரையும்விட உரக்கத் திட்டினாள்.

ஜெயலக்ஷ்மி பயணத்துக்குப் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தாள். வைத்தீஸ்வரன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அதையும் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று காலை, வழியனுப்ப மஹாதேவன் படித்துறைக்கு வந்தார். அக்காவும் வந்தாள். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்தது. மஹாதேவன் மேல்படியிலேயே நின்று எல்லாரையும் பெருந்தன்மையாக ஆசீர்வாதம் செய்தார்.

அதைப் பார்த்ததும் வைத்தீஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லை. படகில் ஒரு காலை வைத்தவன் திரும்பிப் படியேறி ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தான் கூரைமேல் படுத்துக்கொள்வதாகவும், அத்திம்பேர் இல்லாமல் படகு நகராது என்றும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். ஊர் தலையாட்டியது.

மஹாதேவன் மாற்றுத் துணி இல்லை என்றார். தன் வேஷ்டி இருக்கிறது என்றான் இவன். ஆபீஸில் வேலை என்றார். ஆபீஸே பூட்டியிருக்கிறதே என்றான். இழுக்காத குறையாக அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தான். படிக்கும் படகுக்கும் நடுவே போட்டிருந்த பலகைமேல் மஹாதேவன் ஒரு காலை வைத்தார். பலகை லேசாக ஆடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பயணம் நல்லபடி முடிய ஸ்லோகம் சொல்கிறார் என்று வைத்தீஸ்வரன் உருகிப்போனான்.

அப்போதுதான் ஜெயலக்ஷ்மி உள்ளேயிருந்து தலையை நீட்டினாள்.

"இடமில்லைன்னு சொன்னேனே. இன்னும் ஒரு ஆள் ஏறினா நான் இறங்கிடுவேன்."

சாவித்ரி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இப்படியும் ஒரு மனசா என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

மஹாதேவன் கண்ணைத் திறந்தார். "நாலு பேரும் கேட்டுக்கோங்கோ. இதுக்கு மேலயும் நான் வந்தா எனக்கு மானம் இல்லை," என்று சொல்லிவிட்டு விருட்டென்று மேலே ஏறினார். அவர் அவ்வளவு வேகமாகப் படியேறி யாரும் பார்த்ததில்லை.

படகு நடு ஆற்றுக்கு வந்த பிறகும் வைத்தீஸ்வரனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு மனுஷனை இப்படியா அவமானப்படுத்துவது என்று கேட்டான்.

ஜெயலக்ஷ்மி தூங்கிவிட்ட குழந்தையை மடியில் சரித்துக்கொண்டாள்.

"அத்திம்பேருக்குத் தண்ணியைப் பாத்தாலே உயிர் போயிடும். ஹவுரா பாலத்துமேல வண்டி போனாக்கூட அக்கா கையை விடமாட்டாராம். வரேன்னு வாயை விட்டுட்டார். வரலைன்னு சொல்ல அவரால முடியாது. நாமதான் வேண்டாம்னு சொல்லணும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, பயப்படாதேங்கோ அத்திம்பேர்னு தைரியம் சொல்லி அழைச்சுண்டு வந்திருப்பேள்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"அக்காதான். இருக்கறதுலயே சின்னப் படகாப் பாரு ஜெயான்னு கையைப் பிடிச்சுண்டா. நாலு பேர் எதிர்ல என்னைத் திட்டுங்கோன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்," என்றாள் ஜெயலக்ஷ்மி. "அந்த அழுகை மட்டும் அக்கா தானாச் சேத்துண்டது."