நத்தை நடை

"கத்தி கிடையாது, தையல் கிடையாது. இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்து, அதுல இருக்கற ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, முட்டியில ஊசியாப் போடுவாங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெயிண்டர்.

"எல்லாம் கேள்வி ஞானம்தான்" என்றாள் அவர் மனைவி. ஊரில் பாதிப் பேருக்குத் துணி தைக்கிறவள். அவள் காதுக்கு வராத சேதி இல்லை.

காத்திருக்கும் அறையின் கண்ணாடித் தொட்டியில் ஓர் ஆரஞ்சு மீன் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பெயிண்டருக்குத் தங்கள் மாலை நடை ஞாபகம் வந்தது. ஏரிக்கரையில் பனி இறங்கும் நேரம். அவர் வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். அவள் அவர் கையைப் பிடித்தபடி கூடவே வருவாள். 'நத்தை ஜோடி' என்று சிரித்துவிட்டு ஊரே அவர்களைத் தாண்டி ஓடும். விளக்குகள் எரிய எரிய, தண்ணீருக்குள் இன்னொரு தெரு முளைக்கும். அந்த நேரத்தில் இருவருக்கும் வயதே இருக்காது.

"பயமா இருக்கா?"

"ஆஸ்பத்திரின்னாலே உனக்குத்தான் கைகால் உதறும். எனக்கென்ன?"

"ஐயா மட்டும் உள்ளே வாங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த முட்டியில ஒரு கோளாறும் இல்லையே! நீங்க பந்தயமே ஓடலாம்."

கதவு சாத்தியிருக்கிறதா என்று பெயிண்டர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தெரியும் டாக்டர். வேலையில நான் ஏணியில குரங்கு மாதிரி ஏறுவேன். வலி அவளுக்குத்தான். மிஷினை மிதிச்சு மிதிச்சே முட்டி தேஞ்சுபோச்சு. வாயைத் திறந்து சொல்ல மாட்டா. பல்லைக் கடிச்சுக்கிட்டு என் வேகத்துக்கு நடப்பா. பார்க்கப் பொறுக்காம ஒருநாள் நான் நொண்ட ஆரம்பிச்சேன். எனக்காக மெதுவா நடக்கறதா நினைச்சுக்கிட்டு, அவ நிம்மதியா நடக்கறா." அவர் டாக்டர் பக்கம் குனிந்தார். "ஆனா இப்படியே விட்டா அவ கால் முடங்கிடுமோன்னு பயமா இருக்கு. நீங்க எடுத்துச் சொல்லி, அந்த ஊசியை அவளுக்குப் போடுங்க."

"அது எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு நல்லாவே கேட்கும்." டாக்டர் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்களே போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்களேன்."

மெல்லக் கதவைத் திறந்த பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டார். நடைபாதைக் கோடியில், தண்ணீர் பாட்டிலும் கையுமாக, மாடிப்படியில் தாவித் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

"மெதுவாக்கா!" நர்ஸ் சிரித்தாள். "போன வருஷம் ஊசி போட வந்தப்ப இந்தப் படியைப் பார்த்தே அழுதீங்களே!"

"ஷ்... அவர் காதுல விழுந்திடப் போகுது. எனக்குச் சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா, பாவம், அந்தக் காலை இழுத்துக்கிட்டு எனக்காக வேகமா நடக்கப் பார்ப்பார். அவருக்குக் குணமாகற வரைக்கும் நானும் நத்தைதான்."

பெயிண்டர் சத்தமில்லாமல் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைத் தடாலென்று திறந்து, வலது காலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.