சுவரோரத் தண்ணி

"இன்னைக்கு அந்தப் புள்ளைய நாலு வார்த்தை கேட்காம விடப்போறதில்ல, பாருங்க."

நீச்சல் குளத்துக்குள்ள நுழையறப்பவே கமருன்னிசாக்கா இதைச் சொல்லிக்கிட்டுதான் வந்தாங்க.

அந்தப் புள்ளை விஷ்ணுப்ரியா. திருநள்ளாறு பக்கம் விவசாயக் குடும்பம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், அதாங்க தவளை மாதிரி காலை உதைச்சு நீந்துறது, அதுல எங்க குளத்துல அவதான் முதல். அடுத்தது அக்காவோட மவ அஸ்ஃபியா. ரெண்டு பேரும் பத்தாவது. புதுச்சேரி போட்டிக்கு ஐம்பது மீட்டர்ல காரைக்கால்லேருந்து ஒரே ஒரு பொண்ணைத்தான் அனுப்புவாங்க. அந்தத் தேர்வு இன்னைக்கு.

என் பொண்ணு இன்னும் பலகையைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுதான் உதைக்கிறா. அதனால எனக்கு ஊர் வம்பு கேட்க நேரம் தாராளம்.

"அப்படி என்னக்கா பண்ணிட்டா?"

"தெரியாத மாதிரி கேட்கிறீங்களே. கோடையிலேருந்து என் மவளை அந்தச் சுவரோரத் தண்ணியிலயே தள்ளி வச்சிருக்கா."

பொய்யில்ல. எங்க குளத்துல ஒரு வழக்கம். வேகமா நீந்துறவ முதல்ல லேன் எடுத்துக்கலாம். விஷ்ணுப்ரியா ரெண்டாவது லேனை எடுப்பா. எடுத்த கையோட, "அஸ்ஃபி, நீ ஒண்ணுல போ"ன்னுடுவா. ஒண்ணாவது லேன் சுவரை ஒட்டினது. அலை சுவர்ல மோதித் திரும்பி வந்து மூஞ்சியிலயே அடிக்கும்.

"அலை கம்மியான நடு லேன் சும்மா கெடக்கு. அதை விட்டுட்டு என் மவ பக்கத்துலயே வந்து நீந்துறா. எதுக்கு? இவ கிளப்புற அலையில அவ தண்ணி குடிக்கணும். மூஞ்சியப் பார்த்தா பச்சப்புள்ள, புத்தி நரிப்புத்தி."

"கோச்சுக்கிட்ட சொல்லலாமேக்கா?"

"சொல்லாமயா? உமாமகேஸ்வரி மிஸ், 'அவங்களா எடுத்துக்கிறதுங்க, அஸ்ஃபியா ஒண்ணும் சொல்லலியே'ங்குறாங்க. இவகிட்ட கேட்டா, 'பரவாயில்ல உம்மா'ங்குறா. வாயில்லாப் பூச்சி."

நாங்க உட்கார்றது அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்கம், தண்ணி ஓரத்து நாற்காலியில. பின்னால கேலரிப் படிக்கட்டு. அங்க யார் வர்றா, யார் போறான்னு நாங்க திரும்பிப் பார்த்ததே இல்ல. எங்க கண்ணு எங்க புள்ளைங்க மேலதான்.

மிஸ் விசில் ஊதுனாங்க. "விஷ்ணுப்ரியா, லேன் சொல்லு."

அவ ஒரு நிமிஷம் நடு லேனையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம், "ரெண்டு மிஸ்"ன்னா.

"பார்த்தீங்களா? தேர்வு அன்னைக்கும் விடுறாளா பாருங்க." அக்கா பல்லைக் கடிச்சாங்க.

அஸ்ஃபியா வழக்கம்போல ஒண்ணுல. ரெண்டு பேரும் குதிச்சாங்க. "தலையைத் தூக்காத, உதைச்சதும் நீட்டு"ன்னு மிஸ் கத்திக்கிட்டே கரையோரமா ஓடுனாங்க. சுவரோர அலையில இத்தனை நாள் தண்ணி குடிச்சதுல அஸ்ஃபியாவுக்கு ஒரு நல்லது நடந்திருந்துச்சு. மூச்சுக்கு மோவாய் மேல வந்தது தெரியறதுக்குள்ள தலை உள்ள போயிடுது. திரும்பி வர்றப்ப ரெண்டு பேரும் சமம். கடைசியில விஷ்ணுப்ரியாவுக்குச் சுவர் கொஞ்சம் எட்டல. இன்னொரு தடவை கையை இழுக்கவும் இடமில்ல. அப்படியே மிதந்து வந்தா. அஸ்ஃபியா ரெண்டு கையையும் சேர்த்துச் சுவரைத் தொட்டுட்டா.

"அஸ்ஃபியா"ன்னாங்க மிஸ்.

"அல்ஹம்துலில்லாஹ்." அக்கா கண்ணெல்லாம் தண்ணி. அஸ்ஃபியாவோட வாப்பா துபாய்லேருந்து அனுப்புன பெரிய டவலைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. நானும் பின்னாலயே போனேன். வம்பை விட முடியுமா?

"ஓரமா தள்ளுனாலும் ஜெயிக்கிற புள்ளை ஜெயிக்கத்தான் செய்யும்." விஷ்ணுப்ரியா காதுல விழணும்னே சொன்னாங்க. அவ லேன் கயித்தைப் புடிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"சும்மா இருங்க உம்மா." தண்ணிக்குள்ளேருந்தே அஸ்ஃபியா சொன்னா. "அவ என்னைத் தள்ளல."

"பின்ன?"

"கோடையில கேலரியிலேருந்து சில பசங்க என்னைப் போன்ல வீடியோ எடுத்தானுவ. உங்ககிட்ட சொன்னா குளத்துக்கே அனுப்ப மாட்டீங்க. மிஸ்கிட்ட சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிடும். இனிமே வரமாட்டேன்னு டிரெஸ் மாத்துற ரூம்ல உட்கார்ந்து அழுதேன். விஷ்ணுதான், 'நீ சுவரோரம் போ, இந்தப் பக்கம் நான் வர்றேன். எடுத்தா வீடியோவுல நான்தான் விழுவேன்'னா. அன்னையிலேருந்து அவ நடு லேன் பக்கமே போவல உம்மா. இன்னைக்கும் போவல."

அக்கா மெல்லத் திரும்புனாங்க. படிக்கட்டுல பசங்க. ஒருத்தன் கையில போன் நிமிர்ந்தே இருந்துச்சு. மிஸ்ஸும் பார்த்துட்டாங்க. விடுவிடுன்னு படியேறுனாங்க.

"இனிமே அனுப்ப மாட்டீங்களா?" அஸ்ஃபியா கேட்டா.

"போட்டிக்கு நானும் கூட வருவேன். எவன் எடுக்குறான்னு பார்த்துக்கறேன்."

விஷ்ணுப்ரியா அப்பதான் கரையேறுனா. உடம்பு வெடவெடன்னு நடுங்குது. கமருன்னிசாக்கா தன் மவளைத் தாண்டிப் போனாங்க. டவலை விரிச்சு அவளைக் கழுத்துலேருந்து கால் வரைக்கும் சுத்திப் போர்த்தி, கேலரிக்கு முதுகைக் காட்டி மறைச்சு நின்னாங்க.

"ஆன்ட்டி, இது அஸ்ஃபியோட டவல்."

"தெரியும்டா தங்கம். அவளைத்தான் இத்தனை நாளா நீ போர்த்தி வச்சிருந்தியே."