சத்தம் போடாத சனிக்கிழமை

அம்சவேணி சேவலைப் பிடித்துக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தாள். மேலே ஒரு சாக்கையும் மூடினாள்.

இருட்டிலேயே பாதி கூவிவிட்டது. மீதியைக் கூடைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உள்ளே மகள் அருணா தூங்குகிறாள்.

பெங்களூரில் வேலை. அந்த ஆபீஸில் சனி, ஞாயிறு என்று இரண்டு கிழமைகள் இருப்பதே யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. பொங்கலுக்கு வருகிறேன் என்றாள், வரவில்லை. தைப்பூசத்துக்கு என்றாள், அதுவும் இல்லை. மாசி பிறந்த பிறகு, நேற்றுக் கடைசி பஸ்ஸில் திடீரென்று வந்து இறங்கினாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போய், கன்னம் ஒட்டிப் போய் நின்றவளைப் பார்த்ததும் அம்சவேணிக்குப் பெற்ற வயிறு எரிந்தது.

அருணா சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தாள். லேப்டாப் பையை மாட்டி மாட்டி இடது தோள் கடுக்கிறது என்றாள். அம்சவேணி தைலம் தேய்த்துவிட்டாள்.

"காலைல எழுப்பி உட்ரும்மா. நானும் மிளகு பறிக்க வாரேன். ரெண்டு நாளைக்கு வேற எதையும் நெனைக்கப் போறதில்ல."

அவளுக்கென்றே வாசல் பலா மரத்து மிளகுக் கொடியைப் பறிக்காமல் விட்டு வைத்திருந்தார்கள். மற்ற மரங்களுக்கு மூங்கில் ஏணி போட வேண்டும். இதைத் தரையில் நின்றே பறிக்கலாம். சரத்தில் ஒன்றிரண்டு பழம் சிவந்தாலே பறித்துவிடுவதுதான் வழக்கம். பலா மரத்திலோ பாதிக்கு மேல் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தது. குருவிகளுக்குக் கொண்டாட்டம். போனால் போகட்டும், பிள்ளை வந்துதான் பறிக்க வேண்டும் என்று அவள் புருஷன் சின்னுசாமி ஒற்றைக் காலில் நின்றார்.

விடிந்ததும் எழுப்பத்தான் போனாள்.

போர்வை காலடியில் சுருண்டு கிடந்தது. அருணாவுக்கும் போர்வைக்கும் தொட்டிலில் இருந்தே பகை. சின்ன வயதில் சின்னுசாமி எழுந்து எழுந்து போர்த்துவார். அவர் திரும்பிப் படுப்பதற்குள் உதைத்துத் தள்ளியிருப்பாள். மார்கழியில் மலையே நடுங்கும்போதும் அதே கதைதான்.

அம்சவேணி போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள். அருணா தூக்கத்திலேயே ஏதோ முனகினாள்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எழுப்ப மனசு வரவில்லை. மிளகு எங்கே ஓடிப் போகிறது? நாளைக்கும் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

நாயைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கட்டினாள். மிக்ஸி போடாமல் சட்னியை அம்மியில் அரைத்தாள். வாசலில் தார்ப்பாய் விரித்து, சரத்திலிருந்து மணி உதிர மிளகு மிதிக்க வந்த சின்னுசாமியைச் சரிவுக்குக் கீழே விரட்டினாள். அந்த மனுஷனுக்கு இருமல் வந்தபோது வாழைத்தோப்புக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

படகுத்துறையைப் பார்க்க வாசலூர்பட்டிக்குப் போகிற டூரிஸ்ட் பைக்குகள் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. ரோட்டில் போய் நின்று, அடிக்காதீர்கள் என்று கையைக் காட்டினாள். அன்னாசிப்பழம் விற்கிறாள் என்று நினைத்து ஒருத்தன் நிறுத்தி விலை கேட்டான்.

அலமாரியில் அருணாவின் போன் உர் உர் என்று நகர்ந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் வருகிறது, அணைகிறது, திரும்ப வருகிறது. அதை நிறுத்தத் தெரியவில்லை. சனிக்கிழமைகூட விடமாட்டானா அந்த ஆபீஸ்காரன், பாவி. சாமை டப்பாவைத் திறந்து, போனை உள்ளே புதைத்து, இறுக்கி மூடினாள். உள்ளேயே கிடந்து கத்தட்டும்.

நடுநடுவே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மனசு குளிர்ந்தது. எத்தனை வருஷமாயிற்று, பிள்ளை இப்படித் தூங்கி.

அருணாவுக்குப் போட்ட டீயை மறுபடி மறுபடி சுட வைத்து, கடைசியில் அவளே குடித்தாள். மகள் எழுந்ததும் புதிதாகப் போடலாம்.

பொழுது உச்சிக்கு வந்தது. சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சரிவில் இறங்கினாள்.

சின்னுசாமி மூங்கில் ஏணியைப் பிடிமானத்துக்கு ஊன்றிக்கொண்டு மிளகு மிதித்துக்கொண்டிருந்தார். அவரும் காலையிலிருந்து சத்தமில்லாமல் இருந்து பழகியிருந்தார். வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அம்சவேணிக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டே போய்க் கிசுகிசுத்தாள்.

"அசங்காமத் தூங்குதுங்க. காத்தால நான் போத்துன போர்வை, போத்துன மாதிரியே இருக்குது."

சின்னுசாமியின் கால் நின்றது.

அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மோரை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. ஏணியை விட்டுவிட்டார். அது சரிந்து தகரக் கூடையின்மேல் விழுந்து அந்தச் சரிவே அதிர்ந்தது. நாய் குரைக்க ஆரம்பித்தது. அவர் மிளகுக் குவியலை மிதித்துச் சிதறடித்துக்கொண்டு, காலில் சிக்கிய தார்ப்பாயை உதறிக்கொண்டு, மேட்டில் ஏறி ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை.

அம்சவேணிக்குக் கோபமாக வந்தது. காலையிலிருந்து பொத்திப் பொத்திக் காத்ததையெல்லாம் ஒரு நொடியில் கெடுக்கிறாரே இந்த மனுஷன். குரலை உயர்த்தவும் முடியாமல், மோர் சிந்தச் சிந்தப் பின்னாலேயே ஓடினாள்.

"ஏனுங்க, மெல்லப் போங்க. புள்ள முழிச்சுக்கப் போவுது."