ஏழாவது தகடு

ஸ்க்ரூடிரைவர் ஏழாவது தகட்டில் ஒட்டிக்கொண்டது.

அவள் அதைப் பிடுங்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் ஒட்டியது.

அதன் முனை காந்தம். தகடுகள் பத்தும் ஈயம். ஈயத்தில் காந்தம் ஒட்டாது. அது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எட்டாவது தகட்டிலும் ஒட்டியது. மற்ற எட்டிலும் வழுக்கி விழுந்தது.

வானத்திலிருந்து வரும் துகள்கள் இந்தப் பத்துத் தகடுகளையும் துளைத்துக்கொண்டு இறங்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆற்றலை விட்டுவிட்டுப் போகும். எவ்வளவு விடுகின்றன என்று அளப்பதுதான் நான்கு வருடமாக அவள் பிழைப்பு.

விட வேண்டியதைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவாக விட்டன.

உலகத்தில் யாரும் பார்க்காத இரண்டு பங்கு. அதை வைத்துத்தான் கட்டுரை. கட்டுரையை வைத்துத்தான் ஜெர்மனியில் வேலை. அவளுடைய வழிகாட்டி சேஷகிரி சார் டெல்லியில் அதைச் சொல்லத்தான் பதினொன்றரைக்கு மேடையேறுகிறார்.

மணி பதினொன்று ஐந்து.

பட்டறைக்காரர் போஜனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது.

"அந்த ரெண்டும் வளைஞ்சு போச்சும்மா. அதே கனத்துல இரும்பு வெட்டி வெச்சேன். பெயிண்டும் அதேதான். வித்தியாசமே தெரியல பாத்தீங்களா?"

தெரியவில்லை.

மாதம் தவறாமல் தகடுகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டது அவள்தான். விளிம்பைப் பார்த்து ஒன்று முதல் பத்து வரை எண்ணினாள். ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. போஜன் மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

கணினியில் இரண்டு தகடுகளை இரும்பு என்று மாற்றினாள்.

அளந்த புள்ளிகள் பழைய கணக்கின் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூட விலகவில்லை. அத்தனை சுத்தமான அளவீடு. யாருக்கும் வேண்டாத அளவீடு.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு சாரை அழைத்தாள்.

அவர் எடுத்தார். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"சார், நம்ம தகட்டுல ரெண்டு இரும்பு. கணக்குல மாத்திப் போட்டுப் பாத்தேன். அந்த ரெண்டு பங்கு வித்தியாசமே இல்ல சார். எல்லாம் பழைய கணக்குதான்."

அந்தப் பக்கம் யாரோ மைக்கில் அவருடைய பட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கைதட்டினார்கள்.

"நீ கூப்பிட்டே, நான் எடுக்கல," என்றார் அவர் மெதுவாக. "அப்படியே வெச்சுக்கம்மா."

இணைப்பு துண்டானது.

பேசிய நேரம் ஐம்பத்திரண்டு விநாடி என்று போனில் காட்டியது.

அது அணைந்துவிடாமல் அவள் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.